கேட் நம் தெருவில், திறவுகோல் டில்லியில்!

"நில்!" என்கிறது சிவப்பு விளக்கு, நிற்கிறோம். "காத்திரு!" என்கிறது குறுக்கே விழுந்த இரும்புத் தடி, காத்திருக்கிறோம். ஒரு ரயில் ஓடி மறைகிறது, தடி எழவில்லை. எதிர்த் திசையிலிருந்து இன்னொன்று வருகிறதாம்! அதற்கும் காத்திருக்கிறோம். ஆலைச் சங்கு ஒலிக்குமுன் போய்ச் சேரவேண்டிய தொழிலாளி, தேர்வு மணிக்கு அஞ்சி விரையும் மாணவி, கூடையின் பாரம் கழுத்தை அழுத்த நிற்கும் மூதாட்டி, பேறுகால வலியுடன் ஆட்டோவுக்குள் துடிக்கும் தாய் – அத்தனை பேரும் அந்தத் தடிக்கு முன்னால் சமம்! இந்நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத சமத்துவத்தை ரயில்வே கேட்டின் முன்னால் காணலாம் என்று யாரேனும் கேலி பேசக்கூடும். தோழர்களே, அந்தக் கேலியும் பொய்! அங்கேயும் சமத்துவம் இல்லை. இல்லை என்பதைக் கணக்கோடு காட்டவே இக்கட்டுரை.

ஒரு கேட்டை அகற்றி மேம்பாலம் கட்டவேண்டுமா, வேண்டாமா என்பதை ரயில்வே எவ்வாறு முடிவு செய்கிறது? அதற்கென்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் அவ்வழியே ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கு. விடை 1 லட்சத்தைத் தொட்டால், பாதிச் செலவை மாநிலம் ஏற்கும் ஏற்பாட்டில் மேம்பாலம் கேட்கத் தகுதி உண்டு. நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவரும் விதி இது.

நல்லது, வண்டிகளை எப்படி எண்ணுவது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! மோட்டார் வண்டி என்றால் 1. ஆட்டோ ரிக்‌ஷா என்றால் அரை. இரு சக்கர வண்டி என்றால் கால். நடந்து போகிறவன்? அவன் கணக்கிலேயே இல்லை! முழுப் பூச்சியம்!

நாளொன்றுக்கு 200 ரயில்கள் ஓடும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். 500 மோட்டார் வண்டிகள் கடந்தால் போதும், 1 லட்சம் வந்துவிடும். ஆட்டோ என்றால் 1,000 வேண்டும். இரு சக்கர வண்டி என்றால் 2,000 வேண்டும். காலால் நடப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர் கடந்தாலும், 200ஐப் பூச்சியத்தால் பெருக்கினால் வருவது பூச்சியந்தானே! மனு வகுத்த படிக்கட்டுக்கும் இந்த வாய்பாட்டுக்கும் என்ன வேறுபாடு? உச்சியிலே கார், அதற்குக் கீழே ஆட்டோ, அதற்கும் கீழே இரு சக்கரம், படிக்கட்டிலேயே இடமின்றி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், செருப்புத் தேய நடக்கும் ஏழை! நாலு வருணத்தை நாம் மேடையிலே எதிர்த்தோம். அது தண்டவாளத்தின் ஓரத்திலே, பெருக்கல் கணக்கின் உருவிலே உட்கார்ந்திருக்கிறது!

கணக்கிலே பூச்சியமானவன், சாவிலே மட்டும் பூச்சியமாக இருப்பதில்லை. ரயில்வேயின் பாதுகாப்பை ஆராய அனில் ககோட்கர் தலைமையில் அமைத்த உயர்நிலைக் குழு 2012ஆம் ஆண்டு தந்த அறிக்கை சொல்கிறது: தண்டவாளத்தைக் கடக்கும்போது இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் மடிகிறார்கள். பம்பாய்ப் புறநகரில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர்! கேட்டுகள் அனைத்தையும் 5 ஆண்டுக்குள் அகற்றிவிடுங்கள்; அதற்கு 50,000 கோடி ரூபாய் ஆகும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 5 ஆண்டு என்றால் 2017. அந்த ஆண்டில் அவர்கள் எடுத்தது எதை? தனி ரயில்வே பட்ஜெட்டை! 92 ஆண்டு வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, பொது பட்ஜெட்டின் ஒரு மூலையிலே ரயில்வேயைச் சுருட்டி வைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை நாடாளுமன்றத்திலே எழுந்து, "எங்கள் ஊர் கேட் என்னாயிற்று?" என்று கேட்கவும், அமைச்சர் விடை சொல்லவும் தனியே ஒரு நாள் இருந்தது. அகற்றச் சொன்னது கேட்டை. அவர்கள் அகற்றியது கேள்வியை!

"தண்டவாளத்தைக் கடப்பது குற்றமாயிற்றே! மக்கள் சட்டத்தை மதிக்கவேண்டாமா?" என்று மேதைகள் சிலர் குரல் எழுப்புவார்கள். உண்மைதான், 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147ஆம் பிரிவு, 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் தெளிவாக இருக்கிறது. பாலம்தான் இல்லை! கிழக்கே வீடு, மேற்கே கடை, கிழக்கே பள்ளி, மேற்கே பஸ் நிறுத்தம் என்று ஊரை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, "வெட்டிய இடத்தைத் தாண்டாதே, தாண்டினால் சிறை!" என்றால், மக்கள் சிறகு முளைத்துப் பறக்கவேண்டும் என்பது எண்ணமா? 2023 அக்டோபரில் ஊரப்பாக்கத்திலே மாற்றுத்திறனாளிச் சிறுவர்கள் 3 பேர் மின்சார ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். ரயிலின் ஊதல் எல்லோர் செவிக்கும் எட்டும் என்று எழுதி வைத்தவர்கள், செவித்திறன் இழந்த குழந்தைகளையும் இந்நாடு பெற்றிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தார்களா? 147ஆம் பிரிவை அந்தப் பிஞ்சுகளின் பெற்றோருக்கா படித்துக் காட்டுவது?

சென்னையிலே இந்தத் துயரம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது? 1856 ஜூலை 1ஆம் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று அந்தப் பாதையின் இருமருங்கும் வயல்கள், ஏரிகள், தோப்புகள். பிறகு ஊர் வந்தது. ரயிலை நம்பி மக்கள் வந்தார்கள். மக்களை நம்பிக் கடைகள் வந்தன. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்று நகரம் தண்டவாளத்தைத் தொடர்ந்தே நீண்டது. வடக்கே கொருக்குப்பேட்டையிலே துறைமுகச் சரக்கு வண்டிகள் ஊர்ந்து செல்ல, உழைப்பாளர் வாழும் பகுதி மூச்சுத் திணறியது. நகரத்தை வளர்த்த தாயே ரயில்தான். ஆனால், வளர்ந்த பிள்ளை நடமாட வழிவிடாத தாயாக அது ஆக்கப்பட்டிருக்கிறது. குற்றம் ரயிலின்மீது இல்லை, ரயிலை ஆட்டுவிப்போர்மீது!

குரோம்பேட்டை ராதாநகர் கேட்டுக்கு மாற்றாக ஒரு சுரங்கப்பாதை கேட்டார்கள் மக்கள். சுரங்கப்பாதை என்றால் மலையைக் குடைவதல்ல. இருக்கிற தண்டவாளத்துக்கு அடியிலே ஒரு வழி! பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடிக்கப்பட்டது அந்தப் பணி. ஏன் இழுக்கிறது? நாடகக்காரன் ஆகையால் அதைக் காட்சியாகவே சொல்கிறேன். பாத்திரங்கள் இருவர்: இரும்புப் பாதையார், நெடுஞ்சாலையார்.

இரும்புப் பாதையார்: தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதி என்னுடையது. அதை நான்தான் கட்டுவேன். நீர் தொடக்கூடாது.

நெடுஞ்சாலையார்: ஆகட்டும். இருபுறச் சரிவுகளையும் நான் கட்டுகிறேன். நீங்கள் எப்போது தொடங்குவீர்?

இரும்புப் பாதையார்: உமது பங்குப் பணத்தை முதலில் கட்டும்.

நெடுஞ்சாலையார்: வரைபடத்துக்கு ஒப்புதல் தாருங்கள், கட்டுகிறேன்.

இரும்புப் பாதையார்: நிலத்தை எடுத்து முடியும், ஒப்புதல் தருகிறேன்.

நெடுஞ்சாலையார்: நிலம் நீதிமன்றத்தில் இருக்கிறது.

இரும்புப் பாதையார்: நானும் டில்லியில் இருக்கிறேன்!

திரை விழுகிறது, கேட்டும் விழுகிறது. பார்வையாளர் வரிசையிலே மக்கள் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். நடுவிலே பாலம் எழுந்து நின்று, இருபுறமும் சரிவின்றி வானத்தை நோக்கி வாய் பிளந்த காட்சியை நாம் கண்டதுண்டு. இருபுறமும் சரிவு எழுந்து, நடுவிலே பாலமின்றி நின்ற காட்சியையும் கண்டதுண்டு.

நம் பக்கத்துத் தாமதங்களை மூடி மறைக்கும் வழக்கம் கழகத்துக்கு இல்லை. கோட்டையிலே எக்கட்சி அமர்ந்திருந்தாலும், நில எடுப்பிலே சுணக்கம் உண்டு. இழப்பீட்டிலே இழுபறி உண்டு. குடிநீர்க் குழாயையும் மின் கம்பியையும் மாற்றி அமைப்பதிலே ஆமை வேகம் உண்டு. கணேசபுரம் சுரங்கப்பாதை பல மழைக்காலங்களில் நீர் நிறைந்து மூடப்பட்டதையும் மறக்கமாட்டோம். ஆனால் சென்னையிலே தவறு செய்பவனை 5 ஆண்டுக்கொரு முறை மக்கள் கூண்டிலேற்றிக் கேட்க முடிகிறது. டில்லியின் ரயில்வே வாரியத்தை எந்தக் கூண்டிலே ஏற்றுவது?

கூண்டிலேற்ற முடியாதவன் என்ன செய்வான் என்பதற்குச் சான்று, கடலூரை அடுத்த செம்மங்குப்பம். 2019 ஜனவரியோடு அகலப் பாதையிலே ஆளில்லா கேட்டுகளை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டினார்கள். ஒழித்தது நன்று, பாராட்டுவோம். ஆனால் 2025 ஜூலை 8ஆம் நாள் காலை, செம்மங்குப்பத்திலே பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவச் செல்வங்கள் 3 பேர் மாண்டார்களே, அது ஆள் இருந்த கேட்! கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிற இன்டர்லாக்கிங் ஏற்பாடு அங்கே இல்லை. பிணங்கள் வீடு சேருமுன் ரயில்வே விட்ட அறிக்கை என்ன தெரியுமா? "சுரங்கப்பாதைக்கு மாவட்ட நிர்வாகம் ஓராண்டாக இசைவு தரவில்லை" என்பது! நான் மேலே எழுதிய நாடகத்தைக் கற்பனை என்று எண்ணியவர்கள் இந்த அறிக்கையைப் படித்துப் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு வந்தது ஓர் ஆணை. மேலே சொன்ன பெருக்கல் கணக்கிலே 20,000க்கு மேல் வந்தால்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்த அளவை, 10,000 ஆகக் குறைத்தார்கள். ஒரே வாரத்துக்குள் குறைத்தார்கள்! குறைக்க முடியும் என்றால் அதற்கு முந்திய வாரத்திலே ஏன் குறைக்கவில்லை? ஒரு எண்ணைத் திருத்துவதற்கு 3 சவப்பெட்டிகள் தேவைப்படுகின்றன என்றால், வாய்பாட்டையே மாற்றுவதற்கு எத்தனை சவப்பெட்டிகளை டில்லி எதிர்பார்க்கிறது?

"இதெல்லாம் ஆகிற காரியமா? பெரிய நகரத்திலே கேட்டுகளை எல்லாம் எடுக்க முடியுமா?" என்று நம்பிக்கையிழந்தவர்கள் கேட்கக்கூடும். கடல் கடந்து ஆஸ்திரேலியாவைப் பார்ப்போம். விக்டோரியா மாநிலத்தின் தலைநகரம் மெல்போர்ன். சென்னையைப் போலவே ரயிலைப் பின்பற்றி வளர்ந்த நகரம்; கேட்டுகளால் துண்டுபட்ட நகரம். 2014ஆம் ஆண்டுத் தேர்தலிலே அங்குள்ள தொழிற்கட்சி, "8 ஆண்டில் 50 கேட்டுகளை அகற்றுவோம்" என்று வாக்களித்தது, வென்றது. 2015இல் அதற்கென்றே தனி அமைப்பு கண்டது. கெடுவுக்கு முன்பே 50ஐ முடித்தது. இலக்கை 75 ஆக்கியது, 85 ஆக்கியது, இப்போது 2030க்குள் 110 என்று நிறுத்தியிருக்கிறது.

எப்படிச் செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். கேட்டை எடுப்பது ஒரு துறை, ரயில் நிலையத்தைப் புதுப்பிப்பது இன்னொரு துறை என்று அங்கே பங்கு பிரிக்கவில்லை. கால்ஃபீல்டுக்கும் டாண்டினாங்குக்கும் இடையே 9 கேட்டுகளை எடுத்தார்கள். தண்டவாளத்தையே தூண்கள்மீது தூக்கி வைத்தார்கள். அதே கையோடு 5 ரயில் நிலையங்களைப் புதிதாகக் கட்டினார்கள். கீழே கிடைத்த நிலத்திலே பூங்காவும், நடைபாதையும், சைக்கிள் பாதையும் அமைத்தார்கள். 2018இல் முடிந்தது வேலை. எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது. "வீட்டுக்கு மேலே ரயிலா?" என்று பக்கத்திலே வாழ்ந்தோர் முழங்கினர். அதையும் எதிர்கொண்டு, தேர்தலையும் எதிர்கொண்டு, மீண்டும் வென்றது அந்த அரசு.

அவர்கள் வல்லவர்கள், நாம் சோம்பேறிகள் என்பதா இதன் பொருள்? அல்லவே அல்ல! அங்கே புறநகர் ரயில் மாநிலத்தினுடையது. சாலையும் மாநிலத்தினுடையது. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஒரே சொந்தக்காரன்! பணத்துக்கு என்ன செய்தார்கள்? 2016இல் மெல்போர்ன் துறைமுகத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, 970 கோடி டாலர் திரட்டினார்கள். துறைமுகத்தைக் குத்தகைக்கு விடுவது சரியா என்பது வேறு வழக்கு. அதை இங்கே வாதாட வரவில்லை. குத்தகைக்கு விடவும், விட மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதே செய்தி. சென்னைத் துறைமுகம் யாருடையது? டில்லியினுடையது! சென்னைத் தண்டவாளம் யாருடையது? அரசமைப்புச் சட்டத்தின் 7ஆவது அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 22ஆவது இனம் – டில்லியினுடையது! நிற்கிற நேரம் மட்டும் நம்முடையது! சாகிற உயிர் மட்டும் நம்முடையது!

"சென்னைக்கு ஒன்றுமே செய்யவில்லையா? நிலையங்களை எல்லாம் மெருகேற்றுகிறோமே!" என்பார்கள். மெருகைப் பார்ப்போம். 2022 மே 26ஆம் நாள் சென்னைக்கு வந்த பிரதமர், எழும்பூர் உள்ளிட்ட 5 ரயில் நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார். 2025 மே 22ஆம் நாள், நாடெங்கும் 103 நிலையங்களை ஒரே மூச்சில் திறந்து வைத்தார், தமிழ்நாட்டிலே 9, அவற்றில் ஒன்று நமது பரங்கிமலை.

பரங்கிமலை! அந்தப் பெயரைக் கேட்டதும் கழகத் தோழனுக்கு இன்னொரு நாள் நினைவுக்கு வரவேண்டும்: 2018 ஜூலை 24. நெரிசல் மிகுந்த மின்சார ரயிலின் படிக்கட்டிலே தொங்கிச் சென்ற இளைஞர்கள், அதே பரங்கிமலையிலே பாதையோரச் சுவரில் மோதி மாண்டார்கள். முகப்பு வளைவு அழகாக இருக்கட்டும்; வேண்டாமென்று யார் சொன்னது? வாயிலைக் கட்டுகிறவர்கள், வாயிலுக்கு வருமுன் மடிகிறவனை எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறோம். ரயில் நிலையத்தின் மேன்மையை அளக்க அளவுகோல் எது? கிழக்கே இருப்பவன் மேற்கே போகச் சுரங்கப்பாதை உண்டா? படியேற முடியாத முதியவருக்கு லிஃப்ட் உண்டா, அது இயங்குகிறதா? கழிப்பறை திறந்திருக்கிறதா? நெரிசலைத் தணிக்கப் போதுமான வண்டிகள் ஓடுகின்றனவா? கேட் இருந்த இடத்தில் பாலம் எழுந்ததா? இவற்றுக்கு விடை இல்லாமல் வண்ணம் பூசுவது, பசித்தவன் நெற்றியிலே சந்தனம் பூசுவதாகும்!

மொழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அதுவும் உயிர்ப் பிரச்சினை. 2019 மே மாதம் மதுரையை அடுத்த திருமங்கலம் – கள்ளிக்குடி பாதையிலே, இரு நிலைய அதிகாரிகள் ஒருவர் பேச்சை ஒருவர் சரிவர விளங்கிக்கொள்ளாமல், ஒரே தடத்தில் இரு ரயில்கள் எதிரெதிரே வரும் பேரிடர் மயிரிழையில் தப்பியது. பாடம் கற்றார்களா? அடுத்த மாதமே தென்னக ரயில்வே ஓர் ஆணை பிறப்பித்தது: நிலைய அதிகாரிகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசவேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்கவேண்டும்! தமிழ்நாட்டு மண்ணிலே, தமிழ்நாட்டுத் தண்டவாளத்திலே, தமிழ் தவிர்க்கப்படவேண்டியதாம்! கழகம் கொதித்தெழுந்தது; ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1953இல் கல்லக்குடியிலே தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தவர்களின் வழி வந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்த்தார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, கோரிக்கை என்ன? மாநில உரிமைகளை ஆராய 1969இல் இராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் சட்டமன்றத்திலே மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய மரபு நம்முடையது. அந்த இலட்சியத்திலே நாம் அணுவளவும் பின்வாங்கவில்லை. ஆனால் அரசமைப்பு திருத்தப்படும் நாள் வரை கேட்டின் முன்னால் தாய் துடிக்கவேண்டுமா? வேண்டாம். இன்றைய சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது.

பம்பாய்ப் புறநகர் ரயிலுக்காக ரயில்வே அமைச்சகமும் மராட்டிய அரசும் 51க்கு 49 என்ற பங்கிலே 1999இல் கூட்டுக் கழகம் கண்டன. பெங்களூரிலே கர்நாடக அரசுக்கு 51, ரயில்வேக்கு 49 என்று கூட்டுக் கழகம் இருக்கிறது. பம்பாய்க்கு உண்டு, பெங்களூருக்கு உண்டு. தென்னாட்டின் முதல் ரயிலை வழியனுப்பி வைத்த சென்னைக்கு ஏன் இல்லை? சென்னைப் புறநகர் ரயிலுக்கு ஒரு கூட்டுக் கழகம் வேண்டும். அதிலே பெரும்பங்கு மாநிலத்துக்கு வேண்டும். கேட் அகற்றுவதும் நிலையம் மேம்படுத்துவதும் ஒரே திட்டமாக, ஒரே கணக்காக, ஒரே கெடுவாக அதன் கையிலே தரப்படவேண்டும். அந்தப் பெருக்கல் வாய்பாட்டிலே, நடந்து போகிறவனுக்கும் ஓர் எண் தரப்படவேண்டும். அவனை 1 என்று எழுதுங்கள். காரில் போகிறவனுக்கு நிகராக எழுதுங்கள்!

கழகத் தோழர்களே! இது தீர்மானம் போட்டுக் கலைந்துவிடும் செய்தி அன்று. சென்னையிலும் புறநகரிலும் தண்டவாளம் ஓடும் ஒவ்வொரு வட்டத்திலும் நமது கிளை இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, எழுதத் தெரிந்த இளைஞன் இருக்கிறான். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை உங்கள் பகுதிக் கேட்டின் ஓரத்திலே முறை வைத்து நில்லுங்கள். எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள், அவர்களில் குழந்தைகள் எத்தனை, முதியோர் எத்தனை, கேட் எத்தனை நிமிடம் மூடிக் கிடந்தது, ஆம்புலன்ஸ் எத்தனை முறை நின்றது – எழுதுங்கள். எழுதியதை மன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நகலைக் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்திலே கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரையிட்ட தாள்கள் ஒரு நாள் டில்லி மன்றத்தின் மேசையிலே மலையெனக் குவியட்டும்.

ஏழையை எண்ண மறுத்தவர்கள் அவர்கள். எண்ணிக் காட்டுவோம் நாம்!